தீவனக் கணக்கில் வராத உப்பு: கோடையில் ஓடு மெலிந்த ஒரு முட்டைக்கோழிப் பண்ணையின் நிகழ்வு ஆய்வு

வெயில் ஏறத் தொடங்கியதும் முட்டைக்கோழிப் பண்ணைகளில் தாது உப்பு மூட்டைகள் வேகமாகக் காலியாகும். கோழி தீனி எடுப்பது குறையும், ஓடு மெலியும், தட்டில் கீறல் முட்டை கூடும். உடனே கால்சியம், எலக்ட்ரோலைட் (தண்ணீரில் கரைக்கும் உப்புக் கலவை), நுண் தாதுப் பொடி என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். அப்படி எல்லாவற்றையும் கொடுத்தும் ஓடு தேறாத ஒரு பண்ணையைப் பற்றியது இந்த ஆய்வு. கோழியின் உடம்புக்குள் எந்தத் தாது, எவ்வளவு, எந்த வழியாக, எந்த நேரத்தில் போகிறது என்று கணக்குப் போட்ட பிறகுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது.

பண்ணையின் நிலை

இரண்டு ஷெட். இரண்டிலும் ஒரே நாளில் பொரித்த, ஒரே இன வெள்ளை லேயர் கோழிகள்; வயது 58 வாரம். மூன்றடுக்குக் கூண்டு, நிப்பிள் குழாயில் தண்ணீர். தீவனம் பண்ணையிலேயே ஒரே மிக்சரில் கலந்து இரண்டு ஷெட்டுக்கும் போகிறது. மதியம் 2 மணிக்குக் கூண்டு உயரத்தில் வெப்பமானி 38 டிகிரியைக் காட்டியது. மேலடுக்குக் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கோடைக்கு முன் கோழிக்கு 112 கிராம் வரை போன தீவனம் 94 கிராமுக்கு இறங்கியிருந்தது.

மெல்லிய ஓடு, தோல்முட்டை (ஓடு கட்டாமல் சவ்வோடு வரும் முட்டை), கூண்டில் எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடும் சில கோழிகள், இதுதான் புகார். அதற்குள் சுண்ணாம்புக்கல் பொடியை இரண்டு முறை ஏற்றியிருந்தார்கள். "அதிலும் கால்சியம்தானே" என்று டிசிபியையும், அதாவது டைகால்சியம் பாஸ்பேட்டையும், கூட்டியிருந்தார்கள். தாது உப்புக் கலவை இரட்டிப்பாகியிருந்தது. தினமும் உச்சி வெயிலில் தொட்டித் தண்ணீரில் எலக்ட்ரோலைட் கலந்தார்கள்.

"கால்சியத்த ஏத்தி ஏத்திப் பாத்தாச்சு சார். குடுக்கிறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல" என்றார் மேற்பார்வையாளர்.

"ரெண்டு ஷெட்டுலயும் ஒரே மாதிரியா இருக்குதுங்க?"

"இல்லைங்க சார், ரெண்டாவதுலதான் ரொம்ப மோசம். மொதல் ஷெட்டு பரவால்ல."

ஒரே கோழி, ஒரே தீவனம், ஒரே வெயில். அப்படியிருக்க ஒரு ஷெட் மட்டும் ஏன் கூடுதலாகக் கெடுகிறது? இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தெரியாமல் மேலும் ஒரு மூட்டையைப் பிரிப்பது வீண்.

பார்த்ததும் ஒதுக்கியதும்

முதலில் நோய். தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்றால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும், முட்டை கோணும், ஓடு சுருக்கம் விழும். இங்கே உடைத்துப் பார்த்த முட்டைகளில் வெள்ளைக்கரு கெட்டியாக நின்றது. தும்மல், குரட்டைச் சத்தம் எதுவும் இல்லை. முட்டை வீழ்ச்சி நோயில் உற்பத்தி சட்டென்று சரியும், ஓடில்லா முட்டை எல்லா அடுக்கிலும் பரவலாக வரும். இங்கே உற்பத்தி மெதுவாகத்தான் இறங்கியிருந்தது. கீறல் முட்டைகள் மேற்கு வெயில் அடிக்கும் வரிசைகளிலும் மேலடுக்கிலும் குவிந்திருந்தன. வெயில்தான் அடிப்படைக் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு ஷெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வெயிலை வைத்து மட்டும் விளக்க முடியாது.

ஓட்டின் தரத்தை அளக்க வெவ்வேறு அடர்த்தியில் உப்புக் கரைசல் நிரப்பிய வாளிகளை வரிசையாக வைத்து, அன்றைய முட்டைகளை மெலிந்த கரைசலிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினோம். முட்டை எந்த வாளியில் மிதக்கிறதோ அந்தக் கரைசலின் அளவே அதன் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி. முந்தைய நாள் முட்டையை எடுத்தால் காற்றறை பெரிதாகி அளவு பொய்யாகிவிடும். 1.080க்குக் கீழே இறங்கினால் கீறல் வேகமாகக் கூடும் என்பது நெடுங்கால அனுபவம். முதல் ஷெட் முட்டைகள் அந்தக் கோட்டை ஒட்டியே நின்றன. இரண்டாவது ஷெட்டில் பெரும்பாலானவை அதற்கும் முந்தைய வாளியிலேயே மிதந்துவிட்டன.

பிறகு தீவனத் தொட்டி. மதியம் விரலால் கிளறிப் பார்த்தபோது மக்காச்சோளக் குருணையைப் பொறுக்கித் தின்றுவிட்டு அடியில் வெள்ளைப் பொடியை அப்படியே விட்டுவைத்திருந்தன கோழிகள். மாவு போன்ற சுண்ணாம்புப் பொடி அலகில் நிற்காது. ஈரம் பட்டால் தொட்டியின் அடியில் பற்றிக்கொள்ளும். காகிதத்தில் ஏற்றிய கால்சியத்தில் ஒரு பங்கு அந்த அடித்தட்டிலேயே தங்கியிருந்தது. அன்று காலை இறந்த ஒரு கோழியை அறுத்தோம். அரைப்பையில், அதாவது தீனியை அரைக்கும் தசைப்பையில், கூழான தீவனம் மட்டும் இருந்தது. கல் ஒன்றுகூட இல்லை. மார்பெலும்பு வளைந்திருந்தது. தொடை எலும்பைப் பிளந்ததும், ஓட்டுக்குக் கால்சியம் தரும் உள் எலும்பு வலைப்பின்னல் மெலிந்து கிடந்தது தெரிந்தது. ஓடு கட்டும் இரவில் கிடைக்காத சுண்ணாம்பை அந்தக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து வந்திருக்கிறது.

மூச்சு வாங்கும் கோழியில் என்ன நடக்கிறது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரிக்கு மேல். கொட்டகையின் வெப்பம் அதை நெருங்கும்போது உடல் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் வழி அடைபடும். மிஞ்சுவது மூச்சுக்குழலில் நீரை ஆவியாக்குவதுதான். அப்படி மூச்சு வாங்கும்போது நீராவியோடு கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறும். இரத்தத்தின் பிஎச் ஏறும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளும். அதோடு பொட்டாசியமும் சோடியமும் கழியும். பிஎச் ஏறிய இரத்தத்தில் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், உடனே பயன்படக்கூடிய அயனிக் கால்சியமும் குறையும். போதாததற்கு, உடலைக் குளிர்விக்க இரத்தம் தோல் பக்கம் திரும்பிவிடுவதால் குடலுக்கும் ஓடு உருவாகும் கருப்பைக்கும் போகும் பங்கு சுருங்கும்.

முட்டை ஓட்டில் 94% அளவுக்குக் கால்சியம் கார்பனேட். ஒரு ஓட்டுக்குச் சுமார் 2.2 கிராம் கால்சியம் வேண்டும். கார்பனேட்டும் அதற்குச் சரியாக வேண்டும். அது வருவது கரியமில வாயுவிலிருந்து. மூச்சு வாங்கும் கோழி இழப்பது அதைத்தான். 1985இல் ஓடம் (Odom) என்ற ஆய்வாளரின் குழுவினர் சூட்டில் வைத்த லெகார்ன் இன முட்டைக்கோழிகளுக்குக் கரியமில வாயு ஏற்றிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தபோது ஓட்டின் தரம் மேம்பட்டதற்குக் காரணமும் இதுவே. கார்பனேட் பக்கம் வறண்டு கிடக்கையில் கால்சியத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஓடு ஏறாது. இந்தப் பண்ணையில் நடந்ததில் பாதி இதுதான்.

டிசிபியைக் கூட்டியது இன்னும் பாதகமானது. அதில் கால்சியத்தோடு 18% பாஸ்பரஸும் வருகிறது. இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால் எலும்பிலிருந்து கால்சியம் இறங்குவது தடைப்படும். அதற்காக ஒரேயடியாகக் குறைப்பதும் கூடாது. பாஸ்பரஸ் போதாத கோழி கூண்டில் விழும், சூட்டையும் தாங்காது.

இரத்தம் காரமாகிறது என்பதால் அமோனியம் குளோரைடு கொடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூட்டை வந்து இறங்கியிருந்தது, நல்லவேளையாகப் பிரிக்கவில்லை. அந்த யோசனைக்கு ஒரு மூலம் உண்டு. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டீட்டர் குழுவினர் 1985இல் சூட்டில் வளர்த்த கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு அதைக் கொடுத்தபோது எடை கூடியது. கறிக்கோழிக்கு எடைதான் இலக்கு. முட்டைக்கோழியின் இரத்தத்தை அமிலப் பக்கம் தள்ளினால், ஏற்கெனவே குறைந்திருக்கும் பைகார்பனேட் இன்னும் குறைந்து ஓடு மேலும் மெலியும். ஒரே வெயிலுக்கு இரண்டு வகைக் கோழிக்கும் ஒரே மருந்து என்று எழுதிக் கொடுப்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அதன் நட்டம் முழுவதும் பண்ணையாளர் தலையில்தான் விடிகிறது.

தீவனக் கணக்கு

கலவைத் தாளை வாங்கி முதலில் கால்சியத்தைப் பார்த்தோம். கோடைக்கு முன் 3.8% கால்சியமுள்ள தீவனத்தை 112 கிராம் தின்ற கோழிக்கு 4.26 கிராம் கிடைத்தது. அதே தீவனத்தை 94 கிராம் தின்றால் 3.57 கிராம்தான். பழைய அளவு கிடைக்க 4.5%ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆகவே ஏற்றியது தவறில்லை. மாவாக அரைத்து ஏற்றியதும், காலையிலும் நண்பகலிலும் மட்டும் கொடுத்ததும்தான் பயனைக் கெடுத்தன. ஓடு கட்டுவதற்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. பொடி சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுக் குருணை அரைப்பையில் தங்கி விடியும்வரை கரைந்துகொண்டிருக்கும்.

அடுத்து சோடியம், பொட்டாசியம், குளோரைடு. தீவனத்தில் இவற்றின் விழுக்காட்டை முறையே 435, 256, 282 ஆகியவற்றால் பெருக்கி, முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் கிலோவுக்கு இத்தனை மில்லி ஈக்வலன்ட் (அயனிகளின் மின்சுமையை எண்ணும் அலகு) என்று ஒரு சமநிலை எண் வரும். குளோரைடு மிஞ்சி இந்த எண் இறங்கினால் இரத்தம் அமிலப் பக்கம் சாயும். 1981இல் மாங்கன் (Mongin) என்ற ஆய்வாளர் முன்வைத்த இந்தக் கணக்கில் 250 என்பது இலக்கு. இந்தப் பண்ணையின் தீவனத்தில் சோடியம் 0.16%, பொட்டாசியம் 0.68%, குளோரைடு 0.28%. கணக்குப் போட்டால் 165. சோயாவின் ஒரு பங்கைக் குறைத்து வேறு புரதம் சேர்த்ததில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. குளோரைடு ஏறியதற்குக் கறியுப்பு 0.35% மட்டும் காரணமல்ல. லைசின் ஹைட்ரோகுளோரைடு, கோலின் குளோரைடு இரண்டும் தம் பங்குக்குக் கொண்டுவந்திருந்தன. கலவைத் தாளில் அவை அமினோ அமிலம், வைட்டமின் என்ற வரிகளில் உட்கார்ந்திருப்பதால் உப்பைக் கணக்கிடும்போது பலரும் அந்த வரிகளைப் பார்ப்பதில்லை.

தண்ணீர்

இவ்வளவும் இரண்டு ஷெட்டுக்கும் பொது. வித்தியாசம் குழாயில் இருந்தது. முதல் ஷெட் பழைய திறந்த கிணற்றிலிருந்து நீர் எடுக்கிறது. இரண்டாவதற்கு ஆழ்துளைக் கிணறு. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உவர்ப்பு ஏறியிருந்தது. ஆய்வகத்தில் கொடுத்ததில் ஆழ்துளை நீரில் லிட்டருக்கு 400 மி.கி.க்கு மேல் குளோரைடு. கோழிக்குக் கொடுக்கும் நீரில் 250க்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல்.

இதைக் கோழி அளவில் பார்த்தால்தான் கனம் புரியும். மிதமான காலத்தில் தின்னும் தீனியைப் போல் இரண்டு மடங்கு நீர் குடிக்கும் கோழி, இந்த வெயிலில் நான்கு மடங்குக்கு மேல் குடிக்கும். நாளுக்கு 400 மி.லி. என்று வைத்தால் தண்ணீர் வழியே மட்டும் 160 மி.கி. குளோரைடு. 94 கிராம் தீவனத்தில் கிடைப்பதே 263 மி.கி.தான். அதன் மேல் மதியம் எலக்ட்ரோலைட். பொட்டலத்தின் பின்பக்கம் முதலில் அச்சிட்டிருந்த சேர்மானமே சோடியம் குளோரைடு. உவர் நீரில் உப்பைக் கரைத்து, உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் கோழிக்கு ஊட்டியிருக்கிறார்கள்.

கறியுப்பில் சோடியமும் குளோரைடும் சம ஈக்வலன்ட் அளவில் இருப்பதால், தண்ணீரில் அது எவ்வளவு ஏறினாலும் சமநிலை எண் ஏறக்குறைய அசையாது. எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கோளாறு கண்ணிலேயே பட்டிருக்காது. சிட்னி பல்கலைக்கழகத்தில் பால்நேவ் குழுவினர் 1980களில் லிட்டருக்கு 600 மி.கி. கறியுப்பு சேர்த்த நீரைக் கொடுத்தபோதே பழுதான ஓடுகள் கூடின. உவர் நீர் குடித்த கோழிகளின் ஓட்டுச் சுரப்பியில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் வேலை குறைந்து, பைகார்பனேட் வரத்து தளர்ந்ததையும் அவர்கள் காட்டினார்கள். ஆக, வெயில் ஒரு பக்கமும் உவர் நீர் மறுபக்கமும் ஒரே கார்பனேட் வழியை இறுக்கியிருக்கின்றன. இரண்டாவது ஷெட் கூடுதலாகக் கெட்டதற்குக் காரணம் இதுவே.

செய்த மாற்றங்கள்

இரண்டாவது ஷெட்டையும் கிணற்று நீருக்கு மாற்றினோம். கிணறு இரண்டுக்கும் போதாத நாட்களில் ஆழ்துளை நீரைக் கலந்துவிட்டாலும், அந்தக் கலவை மாலை வரைக்கும்தான். இரவுக்குக் கிணற்று நீர் மட்டும். வெயில் படும் கூரையோரக் குழாயில் நின்று கொதித்த நீரை நண்பகலில் இருமுறை திறந்துவிட்டுப் புது நீரை ஓடவிட்டார்கள். சூடான நீரைக் கோழி குடிக்காது. அதில் எந்தத் தாதுவைக் கரைத்தும் பயனில்லை.

தீவனத்தில் கறியுப்பை 0.35%லிருந்து 0.20%க்கு இறக்கி, 0.25% சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட், சேர்த்தோம். சோடியம் 0.17%ஐ ஒட்டியே நின்றது, குளோரைடு 0.19%க்கு வந்தது, சமநிலை எண் 190ஐத் தாண்டியது. 250ஐத் தொட வேண்டும் என்று சோடாவை மேலும் கொட்டவில்லை. சோடியம் மிஞ்சினால் கோழி இன்னும் குடிக்கும், எச்சம் தண்ணீராகும், ஈயும் அம்மோனியா நாற்றமும் பெருகும். மீதி இடைவெளியைச் சோயாவைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து பொட்டாசியத்தால் நிரப்புவதே சரி என்று பட்டது. அடுத்த கலவையிலிருந்து அது நடந்தது.

சுண்ணாம்புக்கல்லில் மூன்றில் இரண்டு பங்கைக் குருணையாக்கினோம். டிசிபி பழைய அளவுக்குத் திரும்பியது. தீவனம் விடியலுக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும். நடுப்பகலில் தொட்டி காலியாகக் கிடக்கட்டும் என்று சொன்னோம், ஏனென்றால் செரிமானமே உடலுக்குள் சூட்டைக் கிளப்பும். நள்ளிரவில் முன்னும் பின்னும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இருட்டு இருக்கும்படி ஒரு மணி நேரம் விளக்குப் போட்டார்கள். சோடா உப்பைப் பொறுத்தவரை இந்த நேரம்தான் முக்கியம். 1997இல் பால்நேவும் முஹீரேசாவும் செய்த ஆய்வில், ஓடு உருவாகும் வேளையில் அந்தத் தீவனம் கோழிக்குக் கிடைத்தபோதுதான் பைகார்பனேட்டின் பலன் ஓட்டில் தெரிந்தது. பகலில் கொடுத்துவிட்டு இரவெல்லாம் பட்டினி போட்டால், சோடாவுக்குச் செலவழித்தது வீண்.

நுண் தாதுக் கலவையை இரட்டிப்பாகக் கொடுத்ததை நிறுத்தினோம். வெயிலில் துத்தநாகம், மாங்கனீசு போன்றவை உடலில் தங்குவது குறைகிறது என்பது உண்மை. ஆனால் கலவையை இரட்டித்தால் அதிலுள்ள செலினியமும் இரட்டிக்கும். கிலோவுக்கு 0.3 மி.கி. போதுமான அந்தத் தாது, சில மி.கி.யிலேயே நஞ்சாகிவிடும், தேவைக்கும் ஆபத்துக்கும் நடுவே உள்ள இடம் குறுகலானது. அதற்குப் பதிலாகத் துத்தநாகத்திலும் மாங்கனீசிலும் பாதியை மெத்தியோனினோடு பிணைந்த வடிவத்துக்கு மாற்றினோம். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் துத்தநாகத்தை நம்பி இயங்கும் நொதி. மாங்கனீசு ஓட்டுச் சவ்வின் கட்டமைப்புக்கு வேண்டும். உவர் நீர் குடித்த கோழிகளுக்குத் துத்தநாக மெத்தியோனின் கொடுத்தபோது ஓட்டுப் பழுது குறைந்ததாக 1992இல் வெளியான ஆய்வும் இந்த முடிவுக்குத் துணை நின்றது. குரோமியமும் கேட்டார்கள். துருக்கியில் சாஹின் குழுவினர் சூட்டில் வைத்த காடைகளில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். இங்கே தண்ணீரும் நேரமும் சரியாகாமல் அதைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை என்று தள்ளிவைத்தோம்.

தினசரி எலக்ட்ரோலைட் நின்றது. அதை அடியோடு ஒதுக்கவில்லை. கோழி சாகும் அளவுக்கு வெயில் வரும் என்று தெரிந்த நாளில் விடியற்காலைக் குளிர்ந்த நீரில், கிணற்று நீரில் மட்டும், அளந்து கொடுக்கலாம்.

விளைவு

முதல் ஷெட்டில் தோல்முட்டை சில நாட்களிலேயே குறைந்தது. அடுத்த வாரம் ஒப்படர்த்தியும் கோட்டுக்கு மேலே வந்தது. இரண்டாவது ஷெட் மெதுவாகத்தான் தேறியது. மேற்பார்வையாளருக்குப் பொறுமை போனது. நல்ல நீருக்கு மாற்றிய பிறகும் உவர் நீரின் பாதிப்பு நீடிக்கலாம் என்பது பால்நேவ் குழுவின் ஆய்வுகளிலேயே இருக்கிறது. 58 வாரக் கோழியின் எலும்பும் ஒரே வாரத்தில் நிரம்பாது. படுத்துவிடும் கோழிகள் நின்ற பிறகு அவருக்கும் நம்பிக்கை வந்தது. தொட்டியின் அடியில் வெள்ளைப் பொடி தங்குவதும் நின்றது. கடைசிவரை பின்தங்கியது மேற்கு வரிசையின் மேலடுக்குதான். அங்கே காற்றோட்டமே இல்லை. மின்விசிறியை இடம் மாற்றி, கூரையில் நீர் தெளித்த பிறகு அதுவும் ஓரளவு தேறியது. எந்தத் தாது எவ்வளவு பங்களித்தது என்று இந்த ஒரு பண்ணையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பல மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. இரண்டு ஷெட்டுக்கும் இருந்த இடைவெளி, தண்ணீரை மாற்றிய பிறகே சுருங்கத் தொடங்கியது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

வெயில் தணிந்து தீனி 110 கிராமைத் தாண்டியதும் கால்சியத்தைப் பழைய 3.8%க்கு இறக்கி, சோடாவையும் படிப்படியாகக் குறைத்தார்கள். இப்போது கீறல் முட்டை ஷெட் வாரியாகவும் அடுக்கு வாரியாகவும் தனித்தனியே பதிவாகிறது. கோடை தொடங்குமுன் இரண்டு கிணற்று நீரும் குளோரைடு சோதனைக்குப் போகின்றன. அந்த அறிக்கை வந்த பிறகே தீவனத்தில் எவ்வளவு உப்பு என்று எழுதுகிறார்கள்.